கைப்பேசியில் நம் தமிழ்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். கம்பனையோ இளங்கோவையோ எடுத்துக்கொண்டால் கேட்பவர்க்கும் இன்பம், பேசுபவர்க்கும் எளிது. எனினும், தலைப்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைச் செயலாளர் அவர்கள் எனக்கே அளித்துவிட்டமையால், நாம் அனைவரும் நாள்தோறும் எழுதுகின்ற, ஆனால் எவரும் ஒரு பொருட்டாக எண்ணாத ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று துணிந்தேன். கைப்பேசியில் நாம் ஒருவர்க்கொருவர் எழுதிக்கொள்ளும் தமிழே அது.

ஒரு தலைமுறைக்கு முன் நம் நிலை எவ்வாறு இருந்தது என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். பிழைப்பை நாடி மும்பைக்கு வந்த நம் பெற்றோர் அலுவலகத்தில் ஆங்கிலம் எழுதினர். கடைத்தெருவில் மராத்தியும் இந்தியும் பேசினர். வீட்டில் தமிழ் பேசினர். தமிழில் எழுதுவது ஊருக்குப் போடும் கடிதத்தோடு முடிந்தது. மாதத்திற்கு ஓர் இன்லண்டு கடிதம், மணியார்டர் தாளின் அடியில் இரண்டு வரி, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை, அவ்வளவுதான். பின்னர்த் தொலைபேசி வந்தது. அந்தக் கடிதமும் நின்றது. அதன்பின் நெடுங்காலம் நம் வீடுகளில் தமிழ் வாய்க்கும் காதுக்கும் உரியதாய் இருந்ததே அன்றிக் கைக்கு உரியதாய் இல்லை.

இன்றோ நிலை மாறிவிட்டது. நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மாதுங்காவில் வாழைப்பூ வந்திருக்கிறதா, நவராத்திரிக் கொலுவுக்கு யார் யார் வீட்டில் எந்நாள் அழைப்பு, கோயில் திருப்பணிக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு நாளைக்கு நூறு செய்திகள் வருகின்றன. அவற்றுள் பல தமிழில் எழுதப்படுகின்றன. அறுபது வயது கடந்தபின் மீண்டும் தமிழ் எழுதத் தொடங்கிய தாய்மார்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். பள்ளியை விட்டபின் ஒரு வரியும் தமிழில் எழுதியறியாத பொறியாளர்கள் இன்று பேரனுக்குத் தமிழில் வாழ்த்து அனுப்புகிறார்கள். இஃது ஒரு பெரும் பேறு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் தமிழைத் தம் தாய்மொழியாகக் குறித்தனர். அவர்களுள் எத்தனை பேருடைய கை தமிழ் எழுதும் என்பதை அந்தக் கணக்கு நமக்குச் சொல்லாது. கைப்பேசி ஓரளவு சொல்லுகிறது.

ஆனால், அந்தத் தமிழைப் படித்துப் பார்க்கும் புலவர் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ‘தமிழ் கெட்டது’ என்கிறார்கள். இளைஞர்களோ, ‘பொருள் விளங்கினால் போதாதா?’ என்கிறார்கள். இவ்விரு சாராரிடையே நின்று வழக்குத் தீர்க்க வேண்டுமாயின், பிழை எது, பிழையன்று எது, பொறுக்கத் தக்கது எது, பொறுக்கத் தகாதது எது என்று பகுத்துப் பார்க்க வேண்டும். அதையே இன்று செய்ய முயல்கிறேன்.

முதலில் எழுத்துப் பிழை. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள் என்று சிறு வயதில் பாடம் செய்திருக்கிறோம். இவற்றுள் நமக்குப் பெருந்தொல்லை தருவன மூன்று குடும்பங்களே. லகர ளகர ழகரம் ஒன்று. ரகர றகரம் மற்றொன்று. னகர ணகர நகரம் மூன்றாவது. இவற்றுள் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்று வந்து அமர்ந்தால் சொல்லே வேறாகிவிடுகிறது. ஓய்வு பெறும் அன்பர் ஒருவர்க்குப் ‘பனி நிறைவு வாழ்த்து’ வருகிறது. அவர் முப்பத்தைந்து ஆண்டு பணி செய்தாரா, பனியில் நனைந்தாரா என்று ஐயுற வேண்டியிருக்கிறது. மணமக்கள் ‘மனமக்கள்’ ஆகிறார்கள். ‘உங்கள் வீட்டுக்கு வலி சொல்லுங்கள்’ என்று ஒருவர் எழுதினால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் மருத்துவர். அறம் என்பது நல்வினை. அரம் என்பது இரும்பை அராவும் கருவி. பறவை வானத்தில் பறப்பது. பரவை என்பது கடல். விலை, விளை, விழை என்னும் மூன்றும் மூன்று வேறு பொருளுடையவை. இத்தகைய பிழைகள் அழகைக் குறைப்பதோடு நிற்பதில்லை, கருத்தையே மாற்றிவிடுகின்றன. ஆதலின், இவற்றைப் பொறுத்தல் ஆகாது.

இப்பிழைகள் ஏன் வருகின்றன? காரணம் இரண்டு. ஒன்று நம் நாவில் இருக்கிறது. மற்றொன்று நம் விரலில் இருக்கிறது.

நாவைப் பற்றிச் சொல்லுகிறேன். எழுத்து எங்கே பிறக்கிறது என்பதை ஆராய்வதற்கென்றே தொல்காப்பியர் பிறப்பியல் என்று ஓர் இயலை வகுத்தார். அதன் நுட்பங்களுக்குள் போக வேண்டா. நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட்டால் லகரம். நாக்கு உள்நோக்கி வளைந்து மேலண்ணத்தைத் தொட்டால் ளகரம். அவ்வாறே வளைந்து, தொடாமல் நின்றால் ழகரம். இவ்வளவே. ‘எங்கள் குழந்தைகள் வெளியூரில் வளர்கிறார்கள், அவர்கள் நாக்கு வளையாது’ என்று பெற்றோர் பலர் சொல்லுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. நாம் வாழும் ஊரின் மொழியைக் கேளுங்கள். திலகரை மராத்தியர் ‘டிளக்’ என்று ளகரம் இட்டே அழைக்கிறார்கள். வாழைப்பழம் அவர்களுக்குக் ‘கேளீ’. நம் குழந்தைகள் தெருமுனைக் கடையில் ‘கேளீ’ என்று ளகரத்தைத் தெளிவாகச் சொல்லிப் பழம் வாங்குகிறார்கள். தண்ணீரை இந்தியில் ‘பானீ’ என்றும் மராத்தியில் ‘பாணீ’ என்றும் அவர்கள் வேறுபடுத்திச் சொல்லுகிறார்கள்; னகரத்துக்கும் ணகரத்துக்கும் உள்ள வேற்றுமை அவர்கள் நாவில் இருக்கிறது. ழகரம் வேண்டுமா? அடுத்த வீட்டு மலையாள அன்பரிடம் கேளுங்கள். அவர் ‘மழ’ என்றும் ‘புழ’ என்றும் குறைவின்றிச் சொல்லுவார். எனவே, குழந்தையின் நாவில் குறை இல்லை. ‘பாணீ’யில் உள்ள எழுத்துத்தான் ‘பணி’யிலும் இருக்கிறது என்று எடுத்துக்காட்டுவார் இல்லை.

இனி விரலைப் பற்றிப் பார்ப்போம். நம்மில் பலர் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்துகளின் வழியாகத் தட்டுகிறோம். ஆங்கில ஒலியைத் தட்டினால் பொறி அதைத் தமிழாக்கித் தருகிறது. சில விசைப்பலகைகளில் ‘எல்’ என்னும் சிறிய எழுத்தைத் தட்டினால் லகரம் வரும். பெரிய எழுத்தைத் தட்டினால் ளகரம் வரும். அவ்வாறே சிறிய ‘என்’ னகரம், பெரிய ‘என்’ ணகரம். சிறிய ‘ஆர்’ ரகரம், பெரிய ‘ஆர்’ றகரம். பெரிய எழுத்துக்கு மாற வேண்டுமாயின் வேறொரு விசையை முதலில் தொட வேண்டும். ஓடும் மின்ரெயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் செய்தி எழுதுபவர் அந்த இரண்டாம் விசையை எங்கே தொடப் போகிறார்? பள்ளி பல்லியாகிவிடுகிறது, பணி பனியாகிவிடுகிறது. வேறு சில விசைப்பலகைகளோ நான்கைந்து சொற்களை வரிசையாக நீட்டுகின்றன. முதலில் நிற்பதைத் தொட்டுவிட்டு மேலே செல்லுகிறோம். அச்சொல் நாம் கருதிய சொல்தானா என்று பார்ப்பதில்லை. ஆகவே, இன்று நாம் காணும் பிழைகளுள் பல அறியாமையால் வந்தவை அல்ல, அவசரத்தால் வந்தவை.

இதற்கு ஒரு மாற்று உண்டு. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவாகித் தமிழ்நாட்டு அரசால் ஏற்கப்பட்ட ‘தமிழ்99’ விசைப்பலகையே அது. அதில் இடக்கைப் பக்கம் உயிரெழுத்துகளும் வலக்கைப் பக்கம் மெய்யெழுத்துகளும் அமைந்திருக்கின்றன. ல, ள, ழ மூன்றுக்கும் மூன்று தனி விசைகள் உண்டு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் தொல்லை இல்லை. ககரத்தை இருமுறை தட்டினால் முதற் ககரத்துக்குப் புள்ளி தானே விழும். தமிழ் எழுத்தின் இயல்பை அறிந்து அமைத்த பலகை அது. நாள்தோறும் அரை மணி பழகினால் சில வாரங்களில் கை பழகிவிடும். இப்பலகையை நம் கைப்பேசிகளிலும் இட்டுக்கொள்ளலாம். அதில் எழுதுபவர் ஒவ்வோர் எழுத்தையும் தாமே தேர்ந்து எழுதுவதால், எழுத எழுத எழுத்து வேற்றுமையும் மனத்தில் பதிந்துவிடுகிறது.

இரண்டாவது, ஒற்றுப் பிழை. இலக்கணம் என்றாலே பலரும் அஞ்சுவது இதற்குத்தான். ஒற்று என்பது புலவர்கள் தம் புலமையைக் காட்ட இட்டுக்கொள்ளும் அணிகலன் என்று சிலர் எண்ணுகிறார்கள். அவ்வாறு அன்று. ‘வேலை கொடு’ என்றால் உழைக்க ஒரு தொழில் கேட்கிறோம். ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் உள்ள வேலைக் கேட்கிறோம். ‘கீரைக் கடை’ என்றால் கீரை விற்கும் இடம். ‘கீரை கடை’ என்றால் மத்தை எடுத்துக் கடைய வேண்டும். ‘தந்தப் பலகை’ யானையின் தந்தத்தால் ஆனது. ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது. ஒரு புள்ளியெழுத்து இத்தனை வேலை செய்கிறது.

விதிகள் பல உண்டு. அவற்றையெல்லாம் இந்த மேடையில் அடுக்கினால் நீங்கள் சிற்றுண்டிச் சாலையை நோக்கி நடக்கத் தொடங்குவீர்கள். இல்லத்து வழக்கிற்குச் சில போதும். அந்த, இந்த, எந்த என்னும் சொற்களுக்குப் பின்னும், அப்படி, இப்படி, எப்படி என்பவற்றுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: அந்தப் பையன், எப்படிச் சொன்னான். ‘ஐ’ என்றும் ‘கு’ என்றும் முடியும் வேற்றுமைச் சொற்களுக்குப் பின் மிகும்: புத்தகத்தைப் படி, ஊருக்குப் போ. ‘ஆக’ என்று முடிவதன் பின்னும், ‘வர’, ‘போக’ போன்ற எச்சங்களின் பின்னும் மிகும்: நன்றாகப் பாடினாள், வரச் சொல். மிகாத இடங்களும் சில நினைவில் இருக்கட்டும்: அது, இது, எது, என்ன, சில, பல என்பவற்றுக்குப் பின் மிகாது, வந்த பையன், படித்த பெண் என்னும் பெயரெச்சத் தொடர்களிலும் மிகாது. இவ்வளவை அறிந்தாலே அன்றாட எழுத்தில் நேரும் ஒற்றுப் பிழைகளுள் பெரும்பாலானவை நீங்கிவிடும். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால், ஒற்று வேண்டும் இடத்தை நம் காதே பல வேளைகளில் காட்டிவிடும்.

இவற்றோடு சேர்த்து, ஓசையால் மயங்கி நாம் எழுதும் சில சொற்களையும் குறித்துக்கொள்ளலாம். ‘சுவற்றில் ஆணி அடிக்காதீர்’ என்று நம் கட்டடங்களிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். சுவர் என்பதோடு ‘இல்’ சேர்ந்தால் ‘சுவரில்’ என்றே வரும். ‘நினைவு கூறுகிறோம்’ என்று இரங்கற் கூட்ட அழைப்புகளில் எழுதுகிறோம். அது ‘நினைவுகூர்கிறோம்’ என்று இருக்க வேண்டும். கூர்தல் என்பது மிகுதல். கூறுதல் என்பது சொல்லுதல்.

மூன்றாவது வகைக்கு வருவோம். பிழை என்று நாம் அடிக்கடி சாடுகின்ற, ஆனால் பிழையே அல்லாத சில உண்டு. ‘நாளைக்கு வரேன்’, ‘அவங்க போயிட்டாங்க’ என்று இளைஞர்கள் பேசுவது போலவே எழுதுகிறார்கள். இதைக் கண்டு சினம் கொள்ள வேண்டியதில்லை. தொல்காப்பியரே உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்னும் இரண்டையும் ஆராய்ந்தே நூல் செய்தார். கரிசல் நிலத்துப் பேச்சு வழக்கிலேயே கதைகள் எழுதி, அவ்வழக்குச் சொற்களுக்கு ஓர் அகராதியும் தொகுத்த கி. ராஜநாராயணன் 1991-ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றார். தோழனுக்கு எழுதும் இரண்டு வரியில் செந்தமிழை எதிர்பார்ப்பது, வீட்டுக்குள்ளும் மேலங்கி அணிந்து நடக்கச் சொல்லுவது போன்றது. பேச்சுத் தமிழுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ‘அவங்க’ என்று எழுதலாம். அதையே ‘அவன்க’ என்று எழுதினால் அது பேச்சுமன்று, எழுத்துமன்று.

மற்றொரு போர், ஒவ்வொரு பொங்கலன்றும் தவறாது நடக்கிறது. ‘வாழ்த்துகள்’ என்பதா, ‘வாழ்த்துக்கள்’ என்பதா? ஒரு சாரார் ஒற்று வேண்டா என்கிறார்கள். ஒற்று இட்டால் கள் என்னும் மதுவின் நினைவு வரும் என்று எள்ளவும் செய்கிறார்கள். மற்றொரு சாரார், நல்லாசிரியர் பலர் ‘எழுத்துக்கள்’ என்று எழுதியிருப்பதைச் சுட்டுகிறார்கள். ‘வாழ்த்துகள்’ என்பதையே நான் எழுதுகிறேன். எனினும், அறிஞர்களே இருவேறு கருத்துக் கொண்டுள்ள ஒன்றை வைத்துப் பொங்கல் நாளில் அண்டை வீட்டாரோடு சண்டையிடுதல் வேண்டா. வாழ்த்தியவரின் அன்பு, ஒற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம்மை வந்து சேர்ந்துவிட்டது.

இவ்விடத்தில் இளைஞர் சிலர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். ‘பழைய ஏட்டுச் சுவடிகளில் புள்ளி இருந்ததா? சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருந்ததா? முன்னோர் செய்ததைத்தானே நாங்களும் செய்கிறோம்?’ நல்ல கேள்வி. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் பெரும்பாலோர் புள்ளியின்றியே எழுதினர். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் சுவடிகளில் வேறுபாடின்றி நின்றன. ரகரமும் காலும் ஒன்று போலவே இருந்தன. வீரமாமுனிவர் (1680–1747) எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் வடிவால் பிரித்துக் காட்டினார். உ. வே. சாமிநாதையர் (1855–1942) சீவக சிந்தாமணியை 1887-ஆம் ஆண்டு அச்சிட்டு வெளியிடுவதற்கு முன், பல சுவடிகளை ஒப்பிட்டு ஒவ்வொரு சொல்லாகத் தெளிந்தார். எழுதியவர் விட்ட ஒரு புள்ளிக்காகப் பின்வந்த பேரறிஞர் தம் கண்ணொளியைச் செலவிட வேண்டியிருந்தது. முன்னோர் புள்ளியை விட்டது ஓலைக்கு அஞ்சி. கைப்பேசியில் புள்ளி வைத்தால் கண்ணாடி கிழியாது. ஆதலின், அந்த விலக்கு நமக்குப் பொருந்தாது.

எழுத்தின் வடிவம் மாறுவது வேறு, எழுத்தின் வேற்றுமை அழிவது வேறு. பெரியார் 1935 முதல் தம் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978-ஆம் ஆண்டு ஏற்றது. அதற்கு முன் அச்சான மலர்களைப் புரட்டினால் லை, னை முதலிய எழுத்துகள் துதிக்கை தூக்கிய வடிவில் நிற்பதைக் காண்பீர்கள். வடிவம் மாறிற்று, ஆனால் லை, லையாகவே இருந்தது, ளை, ளையாகவே இருந்தது. ஆகவே, நம் தாத்தாவின் கடிதத்தை நாம் இன்றும் தட்டுத் தடுமாறியேனும் படித்துவிடுகிறோம்.

இதுகாறும் சொன்ன பிழைகள் யாவும், தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதுபவர் செய்யும் பிழைகள். இவற்றினும் பெரிய ஒன்று நம்மிடையே பரவி வருகிறது. அதுவே, தமிழை உரோமன் எழுத்தில் எழுதிவிட்டு அப்படியே அனுப்பிவிடும் வழக்கம். இது பிழைபோலத் தோன்றுவதில்லை. எவரும் திருத்துவதும் இல்லை. அதனாலேயே இது அதிகக் கேடு செய்கிறது.

பட்டு, பாட்டு, பத்து என்னும் மூன்று சொற்களையும் உரோமன் எழுத்தில் நாம் பெரும்பாலும் ஒரே வகையாகத்தான் எழுதுகிறோம். படம், பாடம், பதம், பாதம் ஆகியவையும் அவ்வாறே. முன்பின் பார்த்து இன்ன சொல் என்று நாம் ஊகித்துக்கொள்கிறோம். எப்படி ஊகிக்கிறோம்? அச்சொல்லின் தமிழ் வடிவம் நம் மனத்தில் முன்பே இருக்கிறது. நம் குழந்தையின் மனத்தில் அது இல்லை. அவன் கண்ணுக்குக் குறிலும் நெடிலும் ஒன்று. லகரமும் ளகரமும் ஒன்று. டகரமும் தகரமும் ஒன்று. நாம் முதலாகச் சேர்த்து வைத்திருப்பதை எடுத்துச் செலவு செய்கிறோம். அவனுக்கு முதலே இல்லை. தமிழில் எழுத்தைத் தப்பாக இட்டவனுக்குச் சரியான எழுத்து இன்னது என்று காட்டலாம். எழுத்தையே காணாதவனுக்கு எதைக் காட்டுவது?

இவ்வழக்கத்தை இளைஞர் தலையில் மட்டும் கட்டிவிட இயலாது. நன்றாகத் தமிழ் படித்த நாமே, ‘எளிதாக இருக்கிறது’ என்று பேரனுக்கு உரோமன் எழுத்தில் எழுதுகிறோம். அவனும் அவ்வாறே விடை எழுதுகிறான். அவன் தமிழ் எழுத்தைக் காணும் வாய்ப்பை மூடியவர்கள் நாமே.

மற்றொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லவே நான் இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன். சென்ற ஆண்டு நம்மிடையே இருந்த முதியவர் ஒருவர் மறைந்தார். கல்லூரியில் பயிலும் பெண் ஒருத்தி குழுவில் ஒரு செய்தி எழுதினாள். அவள் பள்ளியில் தமிழ் படித்தவள் அல்லள். பாட்டியிடம் எழுத்துக் கூட்டிக் கற்றவள். அந்த முதியவரிடம் சிறு வயதில் கதை கேட்டு வளர்ந்தவள். ‘தாத்தாவுக்கு என் ஆழ்ந்த இறங்கல்’ என்று எழுதினாள். இரங்கல் என்பது துயருறுதல். இறங்கல் என்பது கீழே இறங்குதல். பிழைதான். அரை மணிக்குள் மூவர் திருத்தம் வெளியிட்டனர். ஒருவர் இடையின றகரம், வல்லின றகரம் என்று பாடமே நடத்தி, ரகரத்தை இடையின றகரம் என்று தாமே தவறாக எழுதினார். ஒருவர், ‘எந்த நிறுத்தத்தில் இறங்கல்?’ என்று நகைத்தார். அவள் தன் செய்தியை அழித்துவிட்டாள். அதன்பின் அக்குழுவில் அவள் தமிழில் ஒரு சொல்லும் எழுதக் காணோம். பிறந்தநாளாயினும், மறைவாயினும், கைகூப்பும் படம் ஒன்று மட்டும் அவளிடமிருந்து வருகிறது.

அன்பர்களே, அவள் எழுதிய ஓர் எழுத்துத் தவறு. அந்த எழுத்தைக் காக்கப் புறப்பட்ட நாம், தமிழ் எழுதிய ஒரு கையை இழந்தோம். துயர் மிகுந்த நேரத்தில், ஆங்கிலத்தில் எளிதாக எழுதியிருக்கக்கூடிய ஒரு பெண், தனக்கு நன்கு வாராத தாய்மொழியைத் தேடி எடுத்து எழுதினாள். அதைவிடத் தமிழ்ப்பற்று வேறு எது? இந்த ஊரில் அவளைப் போன்றவர்கள் கூட்டம் கூட்டமாக இல்லை. ஒருத்தி வாய் மூடினாலும் இழப்புத்தான்.

ஆகையால், பிழையைத் திருத்த வேண்டா என்கிறேனா? இல்லை. பொருளைக் கெடுக்கும் பிழையைப் பொறுத்தல் ஆகாது என்று முன்பே சொன்னேன். திருத்தும் முறையைப் பற்றியே சொல்லுகிறேன். மகள் சமைத்த முதற் குழம்பில் உப்புக் குறைந்தால் ஊரைக் கூட்டியா சொல்லுகிறோம்? தனியே அழைத்து, ‘அடுத்த முறை இன்னும் ஒரு கல் உப்புப் போடு, அம்மா’ என்கிறோம். எழுத்துக்கும் அந்த நாகரிகம் வேண்டும். அப்பெண்ணுக்குத் தனியே, ‘உன் செய்தியைக் கண்டு அவர்கள் வீட்டார் ஆறுதல் பெற்றார்கள், இரங்கலுக்குச் சின்ன ரகரம் போடம்மா’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அவள் அச்சொல்லை ஆயுள் முழுதும் மறந்திருக்க மாட்டாள்.

முடிவாக, நம் குடும்பங்கள் மேற்கொள்ளத் தக்கவை சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, பெரியவர்கள் பேரக் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். நாளைக்கு இரண்டு வரி போதும். ‘சாப்பிட்டாயா, கண்ணா’ என்பதைத் தமிழ் எழுத்தில் முந்நூறு முறை கண்ட குழந்தை, முந்நூற்றோராம் முறை தானே படித்துவிடும். இரண்டாவது, வீட்டுக்கு ஒருவராவது தமிழ் விசைப்பலகையில் முறையாகப் பழகுங்கள். மூன்றாவது, தோழமைச் செய்தியில் தாராளம் காட்டுங்கள். திருமண அழைப்பு, மறைவு அறிவிப்பு, சங்கச் சுற்றறிக்கை ஆகியவற்றில் கண்டிப்புக் காட்டுங்கள். இவை நாலு பேர் கண்ணில் படுபவை, எடுத்து வைக்கப்படுபவை. அனுப்புமுன் மற்றொருவர் கண்ணில் பட்டு வரட்டும். நான்காவது, ஐயம் எழுந்தால் அகராதியைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. செய்தி எழுதும் அதே கைப்பேசியில் அதையும் திறக்கலாம். ஐந்தாவது, பிறர் பிழையைத் தனியே சொல்லுங்கள்; ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் சொல்லுங்கள்; சொல்லுமுன் அவர் எழுதியதற்கு மகிழ்ச்சி தெரிவியுங்கள்.

சங்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இந்த மலரை வெளியிடுகிறோம். பெரியவர்கள் எழுதுகிறோம், பெரியவர்களே படிக்கிறோம். அடுத்த ஆண்டு மலரில் நான்கு பக்கங்களை, பள்ளியில் தமிழ் படியாத நம் பிள்ளைகள் தம் கையால் தமிழில் எழுதியவற்றுக்கு ஒதுக்குங்கள். ஆசிரியர் குழு அவர்களை அருகில் அமர்த்தி, பிழையைக் காட்டித் திருத்தி, பின்னர் அச்சிடட்டும். தம் பெயர் தமிழில் அச்சான பக்கத்தை எடுத்து வைக்காத பிள்ளை உண்டா? இன்று குழுவில் ‘இறங்கல்’ என்று எழுதும் பிள்ளை எழுதிக்கொண்டே இருந்தால், இருபது ஆண்டு கழித்து இந்த மலரைப் படிப்பதற்கு ஆள் இருக்கும். ஒருவேளை, இதன் ஆசிரியர் குழுவிலேயே அவள் இருக்கக்கூடும்.

 இன்றிரவு வீடு சென்றதும், உங்கள் வீட்டு இளையவர் ஒருவர்க்குத் தமிழ் எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். இந்த உரைக்கு அதுவே போதிய கைதட்டல்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!